தாத்தாவின் ஊரைத் திரும்பக் காட்டிய பேரப்பிள்ளைகள்



வரலாறு என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது அரசர்கள், போர்கள், ஒப்பந்தங்கள், அவை நடந்த ஆண்டுகள். பரீட்சை முடிந்த மறுநாள் அதில் பாதி மறந்துபோகும். ஆனால் வரலாறு நடந்த இடத்தில் மனிதர்களும் நின்றிருந்தார்கள் அல்லவா? பிறந்த மதத்துக்காக, பேசிய மொழிக்காக, சார்ந்த இனத்துக்காக ஒரே இரவில் வீட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தவர்கள். அவர்களில் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். சிலர் நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர்களின் நினைவைக் காப்பாற்ற, நம் வயதுள்ள சில மாணவர்கள் விர்ச்சுவல் ரியாலிட்டியைக் கையில் எடுத்த கதை இது. தமிழில் இதை மெய்நிகர் உண்மை என்கிறார்கள். நம்மில் பலருக்கு அது வீடியோ கேம் விளையாடும் ஒரு பெரிய கண்ணாடி, அவ்வளவுதான். அதை வைத்து வேறு என்னவெல்லாம் செய்யலாம் என்று பார்ப்போம்.

ஐந்து வாரத்தில் போட்ட கோடு

1947 ஜூலை 8-ம் தேதி சிரில் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் இந்தியாவில் வந்து இறங்கினார். அதற்கு முன் அவர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. பஞ்சாபையும் வங்காளத்தையும் இரண்டாகப் பிரிக்கும் எல்லைக்கோட்டை வரைய அவருக்குக் கிடைத்த நேரம் சுமார் ஐந்து வாரம். கோடு எங்கே போகிறது என்று வெளியிட்டது ஆகஸ்ட் 17-ம் தேதி. அதாவது சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்துத்தான் தங்கள் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்றே பலருக்குத் தெரிந்தது!

அதன்பின் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்தார்கள். இந்துக்களும் சீக்கியர்களும் இந்தப் பக்கம், முஸ்லிம்கள் அந்தப் பக்கம். இறந்தவர்கள் எத்தனை பேர்? 2 லட்சம் என்பவர்களும் உண்டு, 20 லட்சம் என்பவர்களும் உண்டு. பொதுவாக 10 லட்சம் என்று சொல்கிறார்கள். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 2-க்கும் 20-க்கும் நடுவே பத்து மடங்கு இடைவெளி. காரணம், அப்போது யாரும் எண்ணவில்லை. ராட்கிளிஃப் ஊருக்குத் திரும்பும் முன் தன் குறிப்புகளை எரித்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

பல ஆண்டுகள் வரை பிரிவினை பற்றி எழுதியவர்கள் நேருவையும் ஜின்னாவையும் மவுண்ட்பேட்டனையும் பற்றித்தான் அதிகம் எழுதினார்கள். ரயிலின் கூரையில் உட்கார்ந்து வந்த ஏழு வயதுப் பையனைக் கேட்டவர்கள் குறைவு. அந்தக் குறையைப் போக்கக் கலிபோர்னியாவில் இருந்த குனீதா சிங் பல்லா என்ற இயற்பியல் ஆய்வாளர் முன்வந்தார். 2008-ல் ஹிரோஷிமா போனபோது, அணுகுண்டிலிருந்து தப்பியவர்களின் வாக்குமூலங்களை அங்கே பார்த்தார். நம் பிரிவினைக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை என்று யோசித்து '1947 பார்டிஷன் ஆர்க்கைவ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். தன்னார்வலர்கள் கேமராவோடு வீடு வீடாகப் போய் எடுத்த பேட்டிகள் இன்று 10,000-ஐத் தாண்டிவிட்டன.

தாஸ்தான்

இந்தப் பாதையில் அடுத்து வந்தவர்கள்தான் நம் கதாநாயகர்கள். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பர்ஷ் அஹுஜா, அமீனா மாலக், சாதியா கர்தேஸி, சாம் டால்ரிம்பிள் ஆகியோர் சேர்ந்து 'ப்ராஜெக்ட் தாஸ்தான்' என்ற வேலையைத் தொடங்கினார்கள். தாஸ்தான் என்றால் கதை.

ஸ்பர்ஷின் தாத்தா இஷர் தாஸ் அரோரா. இன்றைய பாகிஸ்தானில் உள்ள பேலா என்ற கிராமத்தில் பிறந்தவர். 1947-ல் அவருக்கு வயது ஏழு. அந்த ஊரில் முஸ்லிம்கள்தான் அதிகம். கலவரம் வந்தபோது அவருடைய குடும்பத்தைக் காப்பாற்றியவர் ஊர்த் தலைவரான ஒரு முஸ்லிம். உயிர் பிழைத்து டெல்லிக்கு வந்தவர் அதன்பின் அந்த ஊரைப் பார்க்கவே இல்லை. வயதான காலத்தில் பேரனிடம் அதைப் பற்றிப் பேசினார். அவரைத் திரும்ப அழைத்துப் போகலாம் என்றால் வயது இடம் கொடுக்கவில்லை. விசா அதைவிடப் பெரிய சுவர்.

ஆள் ஊருக்குப் போக முடியாவிட்டால் ஊரை ஆளிடம் கொண்டுவந்தால் என்ன? இதுதான் அந்த மாணவர்களின் யோசனை.

அவர்கள் வேலை செய்த முறை ரொம்ப எளிமையானது. முதலில் பெரியவரை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பார்கள். மசூதி எங்கே இருந்தது? கிணறு எந்தப் பக்கம்? பள்ளிக்கூடத்துக்கு எந்தச் சந்து வழியாகப் போனீர்கள்? இந்த அடையாளங்களைக் குறித்துக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள தன்னார்வலர்கள் ஊரைத் தேடிப் போவார்கள். பெயர் மாறியிருக்கும், வீடு இடிந்திருக்கும். உள்ளூர்ப் பெரியவர்களிடம் விசாரித்து இடத்தைக் கண்டுபிடித்து, 360 டிகிரி கேமராவில் படம் பிடிப்பார்கள். அந்தப் படம் கண்ணாடியில் ஏறிப் பெரியவரிடம் வரும். இந்தியாவில் இருப்பவருக்குப் பாகிஸ்தான் கிராமம், பாகிஸ்தானில் இருப்பவருக்கு இந்தியத் தெரு. பிரிவினையின் 75-வது ஆண்டான 2022-க்குள் 75 பேருக்கு இப்படிக் காட்டுவது என்று இலக்கு வைத்தார்கள். நடுவில் கொரோனா வந்து வேலையை முடக்கியது.

2021-ல் ஸ்பர்ஷ் தானே பேலாவுக்குப் போனார். தாத்தாவைக் காப்பாற்றிய ஊர்த் தலைவரின் பேரனைச் சந்தித்தார். வரும்போது தாத்தாவுக்காக அந்த ஊர்க் கூழாங்கற்களை எடுத்துவந்தார். இத்தனை தொழில்நுட்பம் கையில் இருந்தும் கடைசியில் அவர் கொண்டுவந்தது கல்! எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகப் பிடித்த இடம் இதுதான்.

2022 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் இவர்களுடைய 'சைல்ட் ஆஃப் எம்பயர்' என்ற வி.ஆர். படம் இடம்பெற்றது. பாகிஸ்தானிலிருந்து இந்தியா வந்த இஷர் தாஸும், இந்தியாவிலிருந்து பாகிஸ்தான் போன இக்பாலுத்தீன் அகமதுவும் ஒரு விளையாட்டுப் பலகையின் முன் உட்கார்ந்து பழைய கதை பேசுவதுபோல் அனிமேஷனில் எடுக்கப்பட்ட படம். இருவரும் துரத்தப்பட்டவர்கள், திசைதான் வேறு.

கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது?

இது என்ன பெரிய விஷயம், சாதாரண வீடியோ எடுத்துக் காட்டினால் போதாதா என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது.

சாதாரண வீடியோவில் கேமராக்காரர் எதைக் காட்டுகிறாரோ அதைத்தான் நாம் பார்க்க முடியும். 360 டிகிரி கேமராவில் ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ்கள் எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். அந்தத் துண்டுகளை மென்பொருள் ஒரு பந்தின் உட்புறம்போல் ஒட்டித் தைக்கும். கண்ணாடியை மாட்டியவர் அந்தப் பந்தின் நடுவில் நிற்பார். தலை திரும்புவதைக் கருவியில் உள்ள சென்சார் உணர்ந்து, அந்தப் பக்கக் காட்சியைக் கண்முன் கொண்டுவரும்.

அதனால் எங்கே பார்ப்பது என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்கிறார். தன் வீட்டுச் சந்து இடதுபக்கம் என்று 70 வருடமாக நினைவில் வைத்திருக்கும் ஒருவர் கண்ணாடியை மாட்டியதும் இடதுபக்கம் திரும்புவார். அங்கே சந்து இருந்தால் அடுத்த நினைவு வரும், அதிலிருந்து அடுத்தது. யாரும் கேட்காத கேள்விக்கும் பதில் வரும்.

யூதர்களின் நினைவைப் பாதுகாப்பவர்கள் இதே கருவியை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படம் எடுத்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994-ல் தொடங்கிய ஷோவா பவுண்டேஷனில் 50,000-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் உள்ளன. 2017-ல் வந்த 'தி லாஸ்ட் குட்பை' என்ற வி.ஆர். படத்தில் பிங்கஸ் கட்டர் என்ற பெரியவர், தன் பெற்றோரையும் இரட்டைச் சகோதரியையும் பறிகொடுத்த மைதானெக் வதைமுகாமுக்கு நம்மை அழைத்துப் போகிறார். இன்னொரு திட்டத்தில் அவரிடம் நூற்றுக்கணக்கான கேள்விகளைக் கேட்டு, பல கேமராக்களில் பதிலைப் பதிந்து வைத்தார்கள். அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் கணினி பொருத்தமான பதிலைத் தேடி எடுத்து ஓட்டும். பதில் அவர் சொன்னதுதான், கணினி இட்டுக்கட்டியது கிடையாது. இது முக்கியமான வித்தியாசம்.

வவுச்சர் இல்லாத கணக்கு

நான் படிப்பது பி.காம். எங்கள் பாடத்தில் முதல் ஆண்டிலேயே சொல்லித்தருவது, வவுச்சர் இல்லாமல் பதிவு இல்லை. பணம் கொடுத்தது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ரசீது இல்லையென்றால் ஆடிட்டர் ஏற்கமாட்டார்.

வரலாற்றிலும் அப்படித்தான். இலங்கையில் 2009-ல் முடிந்த போரை, பொதுமக்கள் உயிரிழப்பே கூடாது என்ற கொள்கையோடு நடத்தியதாக அன்றைய அரசு சொன்னது. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011-ல் கொடுத்த அறிக்கையோ, கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்ற மதிப்பீடுகளைச் சுட்டிக்காட்டியது. இந்த இரண்டுக்கும் நடுவில் உண்மை எங்கே என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருந்து தப்பியவர்கள்தான். அவர்கள் சொல் ஒவ்வொன்றும் ஒரு வவுச்சர்.

கல்லில் எழுதினால் நிலைக்கும் என்று நாம் நினைக்கிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8-ம் தேதி இரவில் இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது. அதற்கு 40 ஆண்டு முன்பு, 1981-ல், யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. நூலகக் கட்டடத்தைப் பிறகு கட்டிவிட்டார்கள். ஒரே பிரதியாக இருந்த சுவடியை எப்படிக் கட்டுவது? 2005-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது. பல இடத்தில் பிரதி இருந்தால் ஒரு தீக்குச்சி போதாது.

நம் ஊர் மட்டும் என்ன? நம் மாவட்டத்துக் கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31-ம் தேதி போலீசார் புகுந்து தலித் மக்களின் வீடுகளையும் உடைமைகளையும் நொறுக்கினார்கள். 2021-ல் அந்தச் சம்பவத்தை நினைவூட்டும் 'கர்ணன்' படம் வந்தபோது, கதை நடந்த ஆண்டு என்று திரையில் போட்டது சரியா என்றே சர்ச்சை வந்து, பிறகு மாற்றினார்கள். வெறும் 26 ஆண்டில் வருடமே விவாதப் பொருளாகிவிட்டது பாருங்கள்.

மயிலிட்டிக்கு யார் போவது?

தருவைகுளத்தில் பிறந்த எவருக்கும் புரியும் ஒரு கதையைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தின் வடகரையில் மயிலிட்டி என்று ஒரு மீனவ ஊர். வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபோது ஊர் மொத்தமும் காலியானது. பக்கத்தில் பலாலி ராணுவத் தளமும் விமான நிலையமும் இருந்ததால் அந்தப் பகுதி உயர்பாதுகாப்பு வலயம் ஆனது. போர் 2009-ல் முடிந்தது. ஆனாலும் ஊர்க்காரர்கள் உள்ளே போக முடியவில்லை. துறைமுகத்தை ஒட்டிய சுமார் 54 ஏக்கர் நிலம் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில்தான். 27 ஆண்டுகள்!

நம் கரையில் நிற்கும் விசைப்படகுகளையும், காயப்போட்ட வலைகளையும், கோயிலையும் அப்படியே விட்டுவிட்டு ஒரு காலையில் எல்லோரும் வெளியேறினால் எப்படி இருக்கும்? அன்று பிறந்த பிள்ளைக்கு 27 வயது ஆகும்வரை கரையை மிதிக்கக்கூடாது என்றால்? கடல் அங்கேதான் இருக்கிறது, தூரத்திலிருந்து பார்க்கலாம். இறங்க முடியாது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் பாக் நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள், கடைசிப் போர் முடியும்வரை வந்தவர்கள் எல்லாம் சேர்த்து சுமார் மூன்று லட்சம் பேர். பலர் திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் தங்கினார்கள். நம் மாவட்டத்தில் தாப்பாத்தி, குளத்துவாய்பட்டி போன்ற இடங்களில் முகாம்கள் அமைந்தன. 2021-ல் தமிழக அரசு இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது, புதிய வீடுகள் கட்டும் திட்டத்தையும் அறிவித்தது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நம்மோடு கல்லூரியில் படிக்கிறார்கள். 1983-ல் முப்பது வயதில் வந்தவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய பேத்திக்கு அப்பம்மாவின் ஊர்ப் பெயர் தெரியும். அந்த ஊரின் தெரு தெரியாது.

தாஸ்தான் மாணவர்கள் செய்ததை இங்கே செய்ய இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இருக்கிறதா? எல்லை அவ்வளவு பக்கம். மொழி ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி மாணவர் கேமராவோடு ஒரு தெருவில் நடந்தால் போதும், இங்கே ஒரு பாட்டி அந்தத் தெருவில் நிற்கலாம்.

எதிர்க்கரையில் இன்னொரு கூட்டம்

கணக்கு எழுதினால் பற்று, வரவு இரண்டு பக்கமும் எழுத வேண்டும். 1990 அக்டோபரில் வட மாகாணத்தில் இருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 70,000 பேருக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம். நகையும் பணமும் பறிக்கப்பட்டு, தமிழையே தாய்மொழியாகப் பேசும் அந்த மக்கள் புத்தளம் பகுதியில் போய் முகாம்களில் ஒதுங்கினார்கள்.

புத்தளம் நமக்குப் புதிய பெயர் இல்லை. 2024 ஆகஸ்டில் எங்கள் ஊர் மீனவர்கள் 22 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தபோது கொண்டுபோனது அந்தக் கரைக்குத்தான். கற்பிட்டி, புத்தளம் என்று அப்போது வீட்டுக்கு வீடு பேசினார்கள். நமக்கு இலங்கை என்றால் நேவி, படகு, அபராதம். அதே கரையில் ஊரை இழந்த ஒரு சமூகம் முப்பது வருடத்துக்கும் மேலாக வாழ்கிறது என்பது நம் பேச்சில் வருவதே இல்லை.

இலங்கையிலேயே இரண்டு பக்கமும் கேட்ட நல்ல முயற்சி ஒன்று உண்டு. 2012, 2013 ஆண்டுகளில் ராதிகா ஹெட்டியாராச்சி நடத்திய 'ஹெர்ஸ்டோரீஸ்' திட்டத்தில், வடக்கிலும் தெற்கிலும் போரைச் சந்தித்த தாய்மார்கள் தங்கள் கதையைக் கைப்பட எழுதினார்கள், படம் வரைந்தார்கள், வீடியோவில் பேசினார்கள். தமிழ்த் தாயும் சிங்களத் தாயும் ஒரே தொகுப்பில். விலை உயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

கவனிக்க வேண்டியவை

1. அனுமதி. முகாமில் இருப்பவர்களின் சட்ட நிலை இன்னும் சிக்கலானது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாட்டவரைத்தான் சொல்கிறது, இலங்கை அதில் இல்லை. அவர்களின் உறவினர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். பெயரும் முகமும் வெளியே வந்தால் யாருக்கு என்ன பாதிப்பு என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். "வேண்டாம் தம்பி" என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

2. மனக்காயம். கண்ணாடி மாட்டிய பெரியவருக்குத் தலை சுற்றலாம், அதைவிட மோசமாகப் பழைய பயம் திரும்ப வரலாம். வீடு இருந்த இடத்தில் வெறும் கரையான் புற்று இருக்கலாம். முன்பே சொல்லிவிட்டு, பக்கத்தில் வீட்டு ஆட்களை வைத்துக்கொண்டுதான் காட்ட வேண்டும்.

3. கருவியின் ஆயுள். கூகுள் நிறுவனம் டேட்ரீம் என்ற வி.ஆர். கருவியை 2019-ல் கைவிட்டது. ஓக்குலஸ் கோ 2020-ல் நின்றது. கூகுளின் அட்டைக் கண்ணாடி விற்பனை 2021-ல் முடிந்தது. மனித நினைவைக் காப்பாற்ற வந்த கருவிக்கு மனிதனைவிட ஆயுள் குறைவு! எனவே குரல்தான் அசல், வி.ஆர். அதன் மேல் வரும் வட்டி. முதலில் சாதாரண ஒலிப்பதிவு, வீடியோ, எழுத்து என்று எடுத்து நாலைந்து இடத்தில் பிரதி வைத்துவிட வேண்டும். வட்டி வந்தால் நல்லது, அசல் போகக்கூடாது.

முடிவாக

தாஸ்தான் மாணவர்கள் செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கண்ணாடி இல்லை. வழக்கமாகப் பேட்டி எடுப்பவர் கதையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். சொன்னவர் பழைய துக்கத்தோடு தனியாக உட்கார்ந்திருப்பார். இவர்கள் கதையை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஊரைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடத்துக்குத்தான், தொட முடியாதுதான். ஆனாலும் கொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் அட்டாரி எல்லை வாயில் மூடப்பட்டபோது, அவர்கள் அதற்கு முன்பே எடுத்து வைத்த அந்தக் கிராமங்களின் மதிப்பு இன்னும் கூடியது.

நமக்கும் அதிக நேரம் இல்லை. அடுத்த செமஸ்டர் விடுமுறையில் ஒருவர் ஒரு பெரியவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும். எந்த ஊர், எந்தத் தெரு, படகு எங்கே நின்றது, கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள், அவர்கள் சம்மதித்தால் மட்டும். யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் பக்கம் யாராவது நண்பர்கள் இதைப் படித்தால், உங்களிடம் 360 கேமரா இருந்தால், ஒரு வரி எழுதுங்கள். தெருப்பெயரை நாங்கள் இங்கிருந்து அனுப்புகிறோம்.